மீன் காட்சிச்சாலைகளில் வாடகைப் பம்புகள்

மீன் காட்சிச்சாலைக்கு வரும் பொதுமக்கள் காண்பது கண்ணாடிக்கு முன்புறம் மட்டுமே. அங்கே மீன்கள் அமைதியாக நீந்துகின்றன. நீர் தெளிந்து நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்புறம் நிலைமை வேறு. அங்கே பம்புகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. காட்சிச்சாலைக்கு விடுமுறை உண்டு. பம்புக்கு விடுமுறை கிடையாது. இந்தப் பம்புகள் பழுதடையும்போதும், பராமரிப்புக்காக நிறுத்தப்படும்போதும், புதிய தொட்டிகள் அமைக்கப்படும்போதும், தற்காலிகமாக வேறு பம்புகளைக் கொண்டுவந்து ஓட்ட வேண்டிய தேவை எழுகிறது. அத்தகைய பம்புகளை விலைக்கு வாங்குவதா, வாடகைக்குப் பெறுவதா, பெறுவதாயின் எவ்வாறு பெறுவது என்பன பொறியியல், உயிரியல், நிதி நிர்வாகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் கேள்விகளாகும்.

உலகின் முதல் பொது மீன் காட்சிச்சாலை 1853ஆம் ஆண்டில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிச்சாலை அமைந்தது. விடுதலைக்குப் பின் 1951இல் மும்பையில் தாராபோரேவாலா மீன் காட்சிச்சாலையும், 1983இல் பெங்களூர் கப்பன் பூங்காவில் அரசு மீன் காட்சிச்சாலையும், 1989இல் மேற்கு வங்கத்தின் திகாவில் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையும் தோன்றின. 2021ஆம் ஆண்டில் அகமதாபாத் அறிவியல் நகரில் திறக்கப்பட்ட நீர்வாழ் உயிரினக் கூடத்தில் பார்வையாளர்கள் சுரங்கப் பாதை வழியே நடந்து சென்று சுறாக்களைக் காண இயலுகிறது. தொட்டிகள் பெரிதாகப் பெரிதாக, அவற்றின் உயிர் பம்புகளை மேலும் மேலும் சார்ந்து நிற்கிறது.

பம்பு செய்யும் பணி

இயற்கையான கடலிலும் ஆற்றிலும் அலைகளும் நீரோட்டமும் செய்யும் வேலையைத் தொட்டியில் பம்பு செய்கிறது. அப்பணி மூன்று வகைப்படும்.

முதலாவது, பிராணவாயு வழங்குதல். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உள்ளது. ஆனால் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடியது சுமார் 8 மில்லிகிராம் மட்டுமே. அதே வெப்பத்தில் கடல்நீரில் இது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. வெப்பம் கூடக் கூட இந்த அளவு மேலும் குறையும். எனவே நீரில் வாழும் உயிரினத்திற்குப் பிராணவாயுச் சேமிப்பு என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லை. நீரைப் புரட்டி மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காற்றுடன் கலக்கச் செய்வதனாலேயே குறைவு ஈடு செய்யப்படுகிறது.

இரண்டாவது, கழிவை அகற்றுதல். மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. சிறிதளவு அம்மோனியாவும் மீனுக்கு நஞ்சு. வடிகட்டிகளிலுள்ள மணல், சரளை முதலியவற்றின் மேல் படர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்களுக்கு நீரோட்டம் இடைவிடாமல் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும்.

மூன்றாவது, வெப்பநிலையைக் காத்தல். குளிர்நாட்டு உயிரினங்களை நம் நாட்டில் வைத்துக் காட்ட வேண்டுமானால், நீரைக் குளிர்விக்கும் கருவி வழியாக ஓயாது செலுத்த வேண்டும். பம்பு நின்றால் குளிர்விப்பும் நின்றுவிடும்.

பெரிய காட்சித் தொட்டிகளில் முழு நீரும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியின் வழியே சென்று திரும்புமாறு அமைப்பது பொதுவான வழக்கம்.

பம்பு நின்றால் எத்தனை மணி நேரம்?

தற்காலிக ஏற்பாட்டைப் பற்றிச் சிந்திக்கும் அதிகாரி முதலில் அறிய வேண்டியது தமக்குக் கிடைக்கும் கால அவகாசத்தையே. இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 5 லட்சம் லிட்டர் கடல்நீர் கொண்ட தொட்டி ஒன்றில் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் பிராணவாயு இருப்பதாகக் கொள்வோம். இது 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் துன்புறத் தொடங்கும். எனவே செலவிடத்தக்க பிராணவாயு லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், மொத்தம் 1,250 கிராம். தொட்டியில் 1,000 கிலோகிராம் எடையுள்ள மீன்கள் இருந்து, ஒவ்வொரு கிலோவும் மணிக்கு 200 மில்லிகிராம் பிராணவாயுவை உட்கொள்வதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 200 கிராம் செலவாகும். அவ்வாறாயின் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

இது தோராயமான கணக்கேயாகும். நீரின் மேற்பரப்பு வழியே சிறிதளவு பிராணவாயு தானாகவே உட்புகும். மறுபுறம், உணவு உண்ட மீன்களும் அச்சமுற்ற மீன்களும் அதிகமாகச் சுவாசிக்கும். நீரிலுள்ள நுண்ணுயிர்களும் பங்கு கேட்கும். ஓயாமல் நீந்தினால் மட்டுமே செவுள் வழியே நீரைச் செலுத்திக்கொள்ளும் சுறா வகைகள் முன்னதாகவே சோர்வடையும். சிறிய தொட்டியில் மீன்கள் நெருக்கமாக இருப்பின் அவகாசம் இன்னும் குறைவு. ஆயினும் கணக்கின் பயன் தெளிவானது. அவகாசம் நாட்களில் அன்று, மணிகளில் எண்ணப்படுகிறது.

வடிகட்டிக்குள் நிகழும் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். நீரோட்டம் நின்றவுடன் அங்குள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய பிராணவாயுவை விரைவில் தீர்த்துவிடுகின்றன. பின்னர் அவை மடிய, பிராணவாயு தேவைப்படாத வேறு நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. பல மணி நேரம் நின்றிருந்த பம்பை மீண்டும் ஓட்டும்போது இந்த நச்சு நீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்கிறது. ஆகவே மாற்றுப் பம்பு வந்து சேர்ந்தாலும், வடிகட்டியில் தேங்கிய நீரை முதலில் வெளியேற்றிக் கழுவிய பின்னரே தொட்டியுடன் இணைக்க வேண்டும். இந்த ஒரு விதியை மறந்ததால், உயிர் தப்பிய மீன்களையும் இழக்க நேரிடலாம்.

இந்த ஆபத்து வெறும் ஏட்டளவிலானது அன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1990இல் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலை, 2005 ஆகஸ்டு 29 அன்று வீசிய கத்ரீனா சூறாவளியைப் பெரிய சேதமின்றித் தாங்கியது. கட்டடம் நின்றது, தொட்டிகள் உடையவில்லை. ஆனால் நகரின் மின்சாரம் அறுந்தது. காட்சிச்சாலையின் ஜெனரேட்டரும் பின்னர் செயலிழந்தது. நகரில் நிலவிய குழப்பத்தால் ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது பெரும்பாலான மீன்கள் மடிந்திருந்தன. பென்குவின்கள், கடல் நீர்நாய்கள், பெரிய கடலாமை போன்ற, காற்றைச் சுவாசிக்கும் உயிரினங்கள் பிழைத்தன. பென்குவின்களும் நீர்நாய்களும் கலிபோர்னியாவிலுள்ள மான்டெரே விரிகுடாக் காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டன. நியூ ஆர்லியன்ஸ் காட்சிச்சாலை மீண்டும் திறக்கப்பட்டது 2006 மே மாதத்தில்தான். அங்கு மீன்களைக் கொன்றது வெள்ளம் அன்று, நீரோட்டம் நின்றதே.

வாடகைப் பம்பு பொருந்தும் சூழ்நிலைகள்

மேற்கண்ட கால அளவை மனத்தில் கொண்டால், வாடகைப் பம்பின் இடம் எது என்பது தானாகவே விளங்கும். ஆறு மணி நேரத்திற்குள் ஒப்பந்தக்காரரைத் தேடி, விலை பேசி, லாரியில் ஏற்றி, குழாய்களைப் பொருத்தி ஓட்டுவது அரிது. ஆதலால் முதல் பாதுகாப்பு, காட்சிச்சாலையின் சொந்தத் துணைப் பம்பே ஆகும். இரண்டு பம்புகள் தேவைப்படும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று எப்போதும் பொருத்தப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். அதற்கு ஜெனரேட்டரின் மின்னிணைப்பும் இருக்க வேண்டும்.

வாடகைப் பம்பு பயன்படும் சூழ்நிலைகள் வேறு. முதலாவது, முன்கூட்டியே திட்டமிட்ட பணிகள். பழைய பம்பை அகற்றிப் புதியதை நிறுவுதல், வடிகட்டி மணலை மாற்றுதல், குழாய்களைச் செப்பனிடுதல் ஆகியவற்றுக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். இரண்டாவது, உயிரினங்களைத் தற்காலிகத் தொட்டிகளுக்கு மாற்றுதல். காட்சிக்கூடம் முழுவதும் சீரமைக்கப்படும்போது ஒவ்வொரு தற்காலிகத் தொட்டிக்கும் தனிப் பம்பும் வடிகட்டியும் வேண்டும். மூன்றாவது, தொட்டியைக் காலி செய்தலும் நிரப்புதலும். நான்காவது, துணைப் பம்பு பழுதடைந்து சரிசெய்யப்படும் இடைக்காலத்தில் அதன் இடத்தை நிரப்புதல். ஐந்தாவது, மழைக்காலத்தில் அடித்தளத்திலுள்ள பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்தால் அதை இறைத்து வெளியேற்றுதல். இந்த ஐந்தாவது பணிக்குரிய பம்பு வேறு, மீன் தொட்டிக்குரிய பம்பு வேறு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சேற்று நீரை இறைத்த பம்பை எக்காரணம் கொண்டும் தொட்டியில் பொருத்தலாகாது.

எவ்வளவு பெரிய பம்பு?

வாடகைக்குத் தருபவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதே. காட்சிச்சாலை தர வேண்டிய விடை குதிரைத்திறன் அன்று. மணிக்கு எத்தனை கன மீட்டர் நீர், எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்னும் இரண்டு எண்களே. முன் சொன்ன 5 லட்சம் லிட்டர் தொட்டி, அதாவது 500 கன மீட்டர் நீர், இரண்டு மணிக்கு ஒருமுறை சுற்றிவர மணிக்கு 250 கன மீட்டர் பாய வேண்டும். மேலேற்ற வேண்டிய உயரம், குழாய்களின் உராய்வு, வடிகட்டியின் தடை அனைத்தும் சேர்ந்து 15 மீட்டர் எனக் கொண்டால், நீருக்கு அளிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 10.5 கிலோவாட். பம்பின் செயல்திறன் 70 சதவீதம் என்றால் பம்பின் அச்சுக்கு 15 கிலோவாட் வேண்டும். சிறிது கூடுதல் வைத்து 18.5 கிலோவாட், அதாவது 25 குதிரைத்திறன் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கலாம்.

வடிகட்டியில் அழுக்குச் சேரும்போது தடை கூடும் என்பதால், வடிகட்டி சுத்தமாக இருக்கும் நிலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது தவறு. தேவைக்கு மீறிய பெரிய பம்பும் கேடு விளைவிக்கும். அது வடிகட்டி மணலைக் கலக்கிவிடும்; தொட்டியில் வலுவான நீரோட்டத்தை ஏற்படுத்திச் சிறு மீன்களை அலைக்கழிக்கும்.

குழாயின் விட்டம் மற்றொரு முக்கியமான செய்தி. ஒரே அளவு நீர் பாயும்போது விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ 32 மடங்காகிறது. 200 மில்லிமீட்டர் குழாய் தேவைப்படும் இடத்தில், கையில் கிடைத்தது என்று 150 மில்லிமீட்டர் குழாயை இணைத்தால் இழப்பு நான்கு மடங்கைத் தாண்டும். பம்பு சரியாக இருந்தும் நீர் போதவில்லை என்னும் புகார் பல இடங்களில் இதனாலேயே எழுகிறது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் பம்பின் அளவோடு குழாய்களின் விட்டம், நீளம், இணைப்புகளின் வகை ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும்.

ஒரே பெரிய பம்பைக் காட்டிலும், பாதி அளவுள்ள இரண்டு பம்புகளை இணையாக ஓட்டுவது நல்லது. ஒன்று நின்றாலும் மற்றொன்று உயிரினங்களைக் காப்பாற்றும். வாடகை சற்றுக் கூடினாலும் இக்கூடுதல் செலவு நியாயமானதே.

பம்பின் உலோகமும் முன்வரலாறும்

வாடகைக்குக் கிடைக்கும் பம்புகளில் பெரும்பாலானவை கட்டட வேலைக்கும், பாசனத்துக்கும், சாக்கடை நீரை அகற்றவும் உருவாக்கப்பட்டவை. அவற்றின் உடல் வார்ப்பிரும்பு. சிலவற்றின் சுழலி வெண்கலம். கடல்நீரில் வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வெண்கலத்திலும் பித்தளையிலும் உள்ள செம்பு இன்னும் ஆபத்தானது. மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குச் செம்பு உப்பை மருந்தாக அளவோடு இடும் வழக்கம் உண்டு. அதே செம்பு பவளம், இறால், கடற்சாமந்தி, நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பற்ற உயிரினங்களை மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். துத்தநாகம் பூசிய குழாய்களும் இவ்வாறே தீங்கு விளைவிப்பவை. எனவே நீர் படும் பாகங்கள் யாவும் பிளாஸ்டிக், கண்ணாடி இழை, அல்லது கடல்நீரைத் தாங்கும் உயர்வகைத் துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றால் ஆனவையாக இருத்தல் வேண்டும். பம்பின் பெயர்ப் பலகையில் உள்ளதை மட்டும் நம்பாது, சுழலி, அச்சு, சீல், வால்வு, இணைப்பு ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.

பம்பு இதற்கு முன் எங்கே ஓடியது என்பதும் அதே அளவு முக்கியமானது. இரசாயனத் தொழிற்சாலையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ பணியாற்றிய பம்பின் ரப்பர்ப் பாகங்களிலும் குழாய்களிலும் நஞ்சு ஊறியிருக்கக்கூடும். நம் கடலோர மாவட்டங்களில் இறால் பண்ணைகளுக்குரிய பம்புகள் எளிதில் கிடைக்கும். உப்புநீருக்குப் பழகிய பம்பு என்று அவற்றை விரும்புவது இயல்பே. ஆயின் 1990களின் நடுப்பகுதியில் இந்திய இறால் பண்ணைகளைத் தாக்கிப் பேரிழப்பை உண்டாக்கிய வெண்புள்ளி நோயின் நச்சுயிர், பண்ணைக் கருவிகளின் வழியாகவும் பரவக்கூடியது. ஆகவே வந்து சேரும் எந்தப் பம்பையும் நன்னீரால் கழுவி, குளோரின் கரைசலை உள்ளே சுற்றவிட்டு, பின்னர் சோடியம் தயோசல்பேட்டால் குளோரினை முறித்து, மீண்டும் கழுவி, முற்றிலும் உலரவிட்ட பின்பே பயன்படுத்த வேண்டும். முக்கியமான தொட்டியில் இணைக்கும் முன், தனியான சிறு தொட்டியில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது சிறந்த பரிசோதனையாகும்.

நீர்மூழ்கிப் பம்புகளில் மற்றோர் எச்சரிக்கை தேவை. சிலவற்றின் மோட்டார் எண்ணெய் நிரப்பப்பட்டது. சீல் தேய்ந்தால் எண்ணெய் தொட்டியில் கலக்கும். அன்றியும், மோட்டாரின் வெப்பம் நேரே நீரில் இறங்குவதால் சிறிய தொட்டிகளில் நீரின் வெப்பநிலை உயரும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே பம்பை வைத்தால் அது நீரை உறிஞ்சி மேலேற்ற வேண்டும். காற்றழுத்தத்தின் துணையால் ஏட்டளவில் சுமார் 10 மீட்டர் வரை உறிஞ்சலாம் என்றாலும், நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் இயலாது. கூடுமானவரை பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பதே நன்று. அப்போது மின்தடைக்குப் பின் பம்புக்குள் நீர் ஊற்றி நிரப்ப வேண்டிய தொல்லை இராது.

உறிஞ்சும் பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் காற்று உள்ளே இழுக்கப்படும். பம்பின் அழுத்தத்தில் அந்தக் காற்று நீரில் அளவுக்கு மீறிக் கரையும். அத்தகைய நீரைச் சுவாசிக்கும் மீன்களின் இரத்தத்திலும் கண்களிலும் துடுப்புகளிலும் வாயுக் குமிழ்கள் தோன்றும். குமிழ் நோய் எனப்படும் இது, நீரில் பிராணவாயு போதிய அளவில் இருக்கும்போதே மீன்களைக் கொல்கிறது. தற்காலிகக் குழாய் இணைப்புகளில் இக்குறை எளிதில் நேரும் என்பதால், ஒவ்வொரு இணைப்பையும் நாள்தோறும் சோதிக்க வேண்டும்.

பம்பு நிற்கும்போது நீர் பின்னோக்கிப் பாயாதிருக்க, திரும்பவிடாத வால்வு பொருத்தப்பட வேண்டும். தொட்டிக்குள் ஆழமாக இறக்கப்பட்ட வெளியேற்றுக் குழாய், பம்பு நின்றதும் தலைகீழாக நீரை உறிஞ்சித் தொட்டியையே காலி செய்துவிடக்கூடும். அக்குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இட்டால், மட்டம் அத்துளைக்கு இறங்கியதும் காற்றுப் புகுந்து இந்த ஓட்டம் நின்றுவிடும். உறிஞ்சு குழாயின் வாயில் அகலமான வலைக்கூடு அமைத்து, மீன்கள் இழுக்கப்படாமல் காக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மும்முனை மோட்டாரின் கட்டங்கள் மாறி இணைக்கப்பட்டால் பம்பு எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் சிறிதளவு நீர் வருவதால் தவறு உடனே புலப்படாது. ஆனால் ஓட்டம் மிகவும் குறைந்திருக்கும். மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், ஜெனரேட்டரின் அளவை அதற்கேற்பத் தீர்மானிக்க வேண்டும். ஈரமான தரையில் பணியாளர்கள் நடமாடுவதால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இன்றியமையாதது. டீசல் எஞ்சினுடன் கூடிய பம்பாயின், அதன் புகை காற்றூதிகளின் வாய்க்குச் செல்லாத இடத்தில் நிறுத்தப்பட வேண்டும். இல்லையேல் புகையே தொட்டி நீரில் கரைந்துவிடும்.

வாங்குவதா, வாடகைக்குப் பெறுவதா?

இதற்கு விடை, ஆண்டில் எத்தனை நாள் பம்பு தேவைப்படும் என்பதைப் பொறுத்தது. விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பம்பின் விலை 6 லட்சம் ரூபாய், ஆயுள் 10 ஆண்டுகள் எனக் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 60,000 ரூபாய். பராமரிப்பு, பாதுகாப்பு முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஆகுமெனில் சொந்தப் பம்பின் ஆண்டுச் செலவு 1 லட்சம் ரூபாய். வாடகை, போக்குவரத்து உட்பட நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்றால் இரண்டும் 40 நாட்களில் சமமாகும். ஆண்டில் 40 நாட்களுக்குக் குறைவாகத் தேவைப்படுமாயின் வாடகையே சிக்கனம். மிகுமாயின் வாங்குவதே சிக்கனம். உள்ளூர் விலைகளை இட்டு ஒவ்வொரு காட்சிச்சாலையும் இக்கணக்கைச் செய்துகொள்ளலாம்.

ஆயினும் இக்கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. அது தேவைப்படும் நேரத்தில் பம்பு கிடைக்குமா என்பது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2019 மே மாதத்தில் ஃபானி புயலுக்குப் பின் புரியிலும், 2020 மே மாதத்தில் ஆம்பன் புயலுக்குப் பின் வங்கத்தின் பல பகுதிகளிலும் மின்சாரம் திரும்ப நெடுநாட்கள் ஆயின. இத்தகைய நாட்களில் மருத்துவமனைகளும், குடிநீர் நிலையங்களும், சுரங்கப் பாதைகளில் நீர் வடிக்கும் நகராட்சிகளும் ஒரே நேரத்தில் பம்புகளையும் ஜெனரேட்டர்களையும் தேடுகின்றன. மாவட்ட நிர்வாகம் கிடைக்கும் கருவிகளை முதலில் மனித உயிர் காக்கும் பணிக்கு அனுப்பும். அதுவே முறையும் ஆகும். எனவே எல்லோருக்கும் பம்பு தேவைப்படும் நாளில் வாடகைப் பம்பை நம்பியிருக்கும் காட்சிச்சாலை வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். உயிர் காக்கும் பம்பு சொந்தமாக இருத்தல் வேண்டும், திட்டமிட்ட பணிக்குரிய பம்பு வாடகையாக இருக்கலாம் என்னும் பாகுபாடு இங்கேதான் பிறக்கிறது.

விதிகளும் கால அவகாசமும்

நம் நாட்டின் பொது மீன் காட்சிச்சாலைகளில் பல அரசுத் துறைகளாலோ அரசு சார்ந்த நிறுவனங்களாலோ நடத்தப்படுகின்றன. அவை பொதுப்பணத்தைச் செலவிடுவதால், ஒப்பந்தப்புள்ளி முறைக்குக் கட்டுப்பட்டவை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். அவ்விதிகள் அவசர நிலையில் ஒரே நிறுவனத்திடமிருந்து பெறுவதற்கும் இடமளிக்கின்றன. ஆனால் காரணத்தைப் பதிவு செய்து, உரிய அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். 2016இல் தொடங்கப்பட்ட அரசு மின்னணுச் சந்தையில் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் அதன் வழியே பெறுவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இயற்கைச் சீற்றம், அரசு அறிவிக்கும் அவசர நிலை ஆகியவற்றின்போது விலக்களிக்கின்றன. ஒரு தொட்டியின் பம்பு நள்ளிரவில் நின்றுபோவது மீனுக்கு ஊழிக்காலம். ஆனால் அது அரசு அறிவித்த அவசர நிலை ஆகாது.

விதிகளைக் குறை கூறுவதில் பயனில்லை. பொதுப்பணத்தைக் காப்பதற்காகவே அவை அமைந்துள்ளன. விதிகள் கேட்பது வாரக்கணக்கான அவகாசம். மீன்களிடம் இருப்பதோ மணிக்கணக்கான அவகாசம். இவ்விரண்டையும் இணைக்கும் வழி, தேவை எழுவதற்கு முன்பே ஒப்பந்தத்தை முடித்து வைப்பதாகும். ஆண்டுக்கொரு முறை முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கோரி, பம்பு, குழாய், ஜெனரேட்டர், இயக்குபவர் ஆகியோருக்கான விலை விகிதங்களை நிர்ணயித்து வைக்கலாம். அவ்வாறு செய்துவிட்டால் நள்ளிரவில் பணியிலிருப்பவர் ஒரு தொலைபேசி அழைப்பால் பம்பை வரவழைக்க இயலும். அழைப்பதற்குரிய அதிகாரமும் அவருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை பின்வருமாறு: அழைத்ததிலிருந்து எத்தனை மணிக்குள் பம்பு வந்து சேர வேண்டும், தாமதத்துக்கு என்ன தண்டத்தொகை, நீர் படும் பாகங்களின் உலோகம், முன்பு பயன்பட்ட இடங்களைப் பற்றிய சான்று, ஏற்றி இறக்கும் செலவும் டீசல் செலவும் யாரைச் சேர்ந்தவை, பழுதுபட்டால் எத்தனை மணிக்குள் மாற்றுப் பம்பு, ஓடாமல் நிற்கும் நாட்களுக்கு வாடகை உண்டா. வாடகை நிறுவனங்களின் அச்சடித்த நிபந்தனைகள், பம்பு நிற்பதால் ஏற்படும் பிற இழப்புகளுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று பெரும்பாலும் கூறும். அதாவது மீன்கள் மடிந்தால் அந்த இழப்பு காட்சிச்சாலையையே சேரும். காப்பீடு இதற்கு ஓரளவு துணைபுரியலாம். எனினும் ஆண்டுக்கணக்கில் வளர்த்த உயிரினத்தைக் காப்பீட்டுத் தொகையால் திரும்பப் பெற இயலாது.

ஒத்திகை

எழுதி வைத்த திட்டம் ஓட்டிப் பார்த்தால்தான் திட்டமாகும். ஆண்டுக்கு ஒரு முறையேனும், பருவமழைக்கு முன்னர், ஒப்பந்தக்காரரை அழைத்துப் பம்பை வரவழைத்து, ஒரு தொட்டியை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லாரி வாயிலுக்குள் நுழைய முடிகிறதா, குழாய் இணைப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஜெனரேட்டர் பம்பைத் தொடங்கும் வலிமை பெற்றுள்ளதா என்பவை அன்று தெரிந்துவிடும். குழாய் வாய்களின் அளவு பொருந்தாத சிறு காரணத்தால் பெரும் ஏற்பாடுகள் வீணாகக்கூடும். புதிய கட்டடங்களை வடிவமைக்கும்போதே, வெளியிலிருந்து வரும் பம்பை இணைப்பதற்கான வாய்களும் வால்வுகளும் வைத்துக் கட்டுவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பாகும்.

பம்பு வரும்வரை செய்ய வேண்டிய முதலுதவியும் ஒத்திகையில் அடங்கும். மீன்களுக்கு உணவிடுவதை உடனே நிறுத்துதல், மின்கலத்தில் இயங்கும் காற்றூதிகளை இயக்குதல், பிராணவாயு உருளையிலிருந்து நுண்குமிழ்களை நீரில் செலுத்துதல், வாளிகளால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுதல் ஆகியவை எளியவையே எனினும் பல மணி நேரத்தை ஈட்டித் தருபவை. கரைந்துள்ள பிராணவாயுவை அரை மணிக்கொரு முறை அளந்து எழுதி வைத்தால், எந்தத் தொட்டிக்கு முதலில் பம்பு தேவை என்பதை ஊகத்தால் அன்றி அளவால் தீர்மானிக்கலாம்.

கடலையே காணாத உள்நாட்டுச் சிறுவர்களுக்குக் கடல்வாழ் உயிரினங்களைக் காட்டிக் கற்பிக்கும் பள்ளிகளாக மீன் காட்சிச்சாலைகள் விளங்குகின்றன. அங்குள்ள ஒவ்வொரு மீனும் தன் இயற்கை இடத்திலிருந்து நம்மால் கொண்டுவரப்பட்டது, அல்லது நம் பொறுப்பில் பிறந்தது. அதற்கு வேண்டிய நீரோட்டத்தைத் தேடிச் செல்ல அதனால் இயலாது. சொந்தத் துணைப் பம்பு, முன்கூட்டியே செய்த வாடகை ஒப்பந்தம், ஆண்டுதோறும் ஒத்திகை ஆகிய மூன்றும் பெரும் பொருட்செலவை வேண்டுபவை அல்ல. பம்பு நின்ற பிறகு விதிப்புத்தகத்தைத் திறக்கும் நிர்வாகத்துக்கும், பம்பு ஓடும்போதே அதைத் திறந்து படித்து ஆயத்தமாகும் நிர்வாகத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த ஆறு மணி நேரத்தின் முடிவில் தொட்டியில் தெரியும்.